நெகிழ்வு வேலை நேரம்

நெகிழ்வு வேலை நேரம் என்பது, பணியாளர் ஒருவர் தம் வேலை நாளின் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் குறிப்பிட்ட எல்லைக்குள் தாமே தெரிவு செய்துகொள்ள இடமளிக்கும் பணி ஒழுங்கு ஆகும். இதில் மொத்த வேலை நேரம் குறைவதில்லை. அது நாளின் எந்தப் பகுதியில் அமைகிறது என்பதே மாறுகிறது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் இது பெரும்பாலும் ஃபிளெக்சி டைம் என்றே வழங்கப்படுகிறது. குழந்தைகளைப் பள்ளியில் விடுவது, முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, வங்கி வேலை, நெரிசலைத் தவிர்த்துப் பயணம் செய்வது போன்ற அன்றாடத் தேவைகளை விடுப்பு எடுக்காமலேயே நிறைவேற்றிக்கொள்ள இம்முறை உதவுகிறது.

பகுதிநேர வேலை, வீட்டிலிருந்து செய்யும் வேலை, சுழற்சிமுறை வேலை ஆகியவற்றுடன் இதனைக் குழப்பிக்கொள்வது உண்டு. பகுதிநேர வேலையில் நேரமும் ஊதியமும் குறைகின்றன. வீட்டிலிருந்து செய்யும் வேலையில் இடம் மாறுகிறது. நேரம் மாறாமலும் இருக்கலாம். சுழற்சிமுறையில் நேரம் மாறுகிறது, ஆனால் மாற்றுபவர் மேலாளர். தெரிவு செய்யும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே நெகிழ்வு நேரத்தை அடையாளம் காட்டுவது.

தோற்றம்

வேலை நேரம் பற்றிய தொடக்ககாலப் போராட்டங்கள் அனைத்தும் நாளின் நீளத்தைப் பற்றியவை. எட்டு மணிநேரம் உழைப்பு, எட்டு மணிநேரம் பொழுதுபோக்கு, எட்டு மணிநேரம் ஓய்வு என்ற பகுப்பு, பிரித்தானியச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனின் பெயருடன் இணைத்துச் சொல்லப்படுவது. 1919ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்றுக்கொண்ட முதலாவது உடன்படிக்கையே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைப் பற்றியதுதான். அவ்வுடன்படிக்கை பிரித்தானிய இந்தியாவுக்கு வாரத்துக்கு 60 மணி என்ற தனி விதியை வைத்திருந்தது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. நாள் எப்போது தொடங்க வேண்டும் என்பதை இச்சட்டங்கள் பணியாளரிடம் விடவில்லை. அதை ஆலைச் சங்கு தீர்மானித்தது.

நெகிழ்வு நேரம் மேற்கு ஜெர்மனியில் தோன்றியது. 1961இல் பெர்லின் சுவர் எழுப்பப்பட்டதும் கிழக்கிலிருந்து தொழிலாளர் வரவு நின்றுபோய் அந்நாட்டில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. வீட்டுப் பொறுப்புள்ள பெண்களை வேலைக்கு ஈர்க்க வேண்டுமானால் வேலையின் தொடக்க நேரத்தைத் தளர்த்த வேண்டும் என்று கிறிஸ்டல் கெமெரர் என்னும் பொருளியலாளர் முன்மொழிந்தார். மனைவியின் வேலை குடும்பக் கடமைகளுக்கு இடையூறாக இருக்கலாகாது என்ற விதி 1977இல் திருத்தம் நடைமுறைக்கு வரும் வரை அந்நாட்டுக் குடிமையியல் சட்டத்திலேயே இருந்தது. ஆகவே வீட்டுவேலை பெண்ணுடையது என்பதை முன்மொழிவு கேள்வி கேட்கவில்லை. அதற்கு ஏற்ப அலுவலகத்தை வளைத்தது. இம்முறையின் நன்மையும் குறையும் இப்பிறப்பிலேயே அடங்கியுள்ளன எனலாம்.

1967இல் மியூனிக் நகருக்கு அருகிலுள்ள ஒட்டோபுருன் என்னும் ஊரில், பெல்கோ வானூர்தி நிறுவனம் (பின்னாளில் மெசர்சிமிட்-பெல்கோ-புளோம்) இதனை நடைமுறைப்படுத்தியது. அங்கே உடனடிக் காரணம் குடும்பமன்று, காலை நெரிசல். எல்லோரும் ஒரே நேரத்தில் வர முயன்றதால் சாலையும் வாயிலும் அடைபட்டன. ஜெர்மன் மொழியில் இதற்குச் சூட்டப்பட்ட கிளைட்சைட் என்ற பெயருக்கு வழுக்கிச் செல்லும் நேரம் என்பது பொருள். ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் தன் பெப்லிங்கன் ஆலையில் அதே ஆண்டிலும், ஐக்கிய அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்திலும் இதைக் கொண்டுவந்தது. அமெரிக்க நடுவண் அரசு ஊழியர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் சோதனை முறையில் அனுமதி அளித்தது. 1985இல் அது நிலையானது. ஜப்பானில் 1988 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

செயல்படும் முறை

வழக்கமான ஏற்பாட்டில் ஒரு நாள் இரு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அனைவரும் கட்டாயம் இருக்க வேண்டிய பகுதி மைய நேரம் எனப்படும். எடுத்துக்காட்டாகக் காலை 10 முதல் பிற்பகல் 3 வரை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதி நெகிழ்வு நேரம். அலுவலகம் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருந்தால், ஒருவர் 7 முதல் 10 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். 3 மணிக்குப் பின் தம் எட்டு மணிநேரம் நிறைந்ததும் செல்லலாம்.

சற்று வளர்ந்த முறைகளில் எட்டு மணிநேரத்தை ஒவ்வொரு நாளும் நிறைவு செய்ய வேண்டியதில்லை. கூடுதலாக உழைத்த நேரம் வங்கிக் கணக்கைப் போல வரவாகவும், குறைந்த நேரம் பற்றாகவும் எழுதப்பட்டு, குறித்த காலத்துக்கு ஒருமுறை கணக்கு நேர் செய்யப்படும். நாள்தோறும் அரை மணி கூடுதலாக உழைப்பவருக்கு 16 வேலை நாள்களில் ஒரு முழு நாள் சேர்ந்துவிடும். சேர்த்து வைப்பதற்கு உச்ச வரம்பு உண்டு. அமெரிக்க நடுவண் அரசுப் பணியில் முழுநேர ஊழியர் 24 மணிநேரம் வரையே அடுத்த ஊதியக் காலத்துக்கு எடுத்துச் செல்லலாம். ஜப்பானில் கணக்கு நேர் செய்யும் காலம் ஒரு மாதமாக இருந்து, 2019 ஏப்ரலில் மூன்று மாதம் வரை நீட்டிக்கப்பட்டது. இவ்வரம்புகள் பயனற்ற அலுவலக நடைமுறை போலத் தோன்றினாலும் காரணமுடையவை. வரம்பில்லாத கணக்கில் வரவு ஏறிக்கொண்டே போகும், அதைச் செலவழிக்கும் நாள் மட்டும் வராது.

இவ்வாறு கணக்கு வைக்க நேரப்பதிவுக் கருவி தேவைப்பட்டது. அதுவரை தொழிற்சாலைத் தொழிலாளி மட்டுமே வருகை அட்டையைக் கருவியில் பதித்துவந்தார். நெகிழ்வு நேரத்தின் விலையாக மேசைப் பணியாளரும் அதனை ஏற்க வேண்டியதாயிற்று.

ஒரு நாளின் கணக்கு

இம்முறை குடும்பத்துக்கு எந்த அளவு உதவும் என்பதைச் சாதாரணமான ஒரு நாளை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்கின்றனர். ஒவ்வொருவருக்கும் பயணம் ஒரு மணிநேரம். குழந்தையின் பள்ளி காலை 8:30 முதல் மாலை 3:30 வரை எனக் கொள்வோம். இருவருக்கும் 9:30 முதல் 6 மணி வரை நிலையான வேலை எனில், அவர்கள் வீடு திரும்ப 7 மணி ஆகும். குழந்தை மூன்றரை மணிநேரம் வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

நெகிழ்வு நேரத்தில் மனைவி 7:30 முதல் 4 மணி வரையும் கணவர் 10 முதல் 6:30 வரையும் (அரை மணி உணவு இடைவேளை உட்பட) வேலை செய்தால், காலையில் கணவர் பள்ளியில் விடலாம். மாலையில் மனைவி 5 மணிக்கு வீடு வந்துவிடலாம். இடைவெளி ஒன்றரை மணியாகக் குறைகிறது. ஆனால் அது மறைந்துவிடுவதில்லை. பாட்டி, பக்கத்து வீட்டார், தனிப்பயிற்சி வகுப்பு என்று யாரேனும் அதை நிரப்பியாக வேண்டும்.

ஓய்வு வேறொரு கணக்கு. மனைவி 6:30க்குக் கிளம்ப வேண்டும். காலைச் சமையலும் மதிய உணவு கட்டுவதும் அவருடையதாகவே இருந்தால் 4:30க்கு எழ வேண்டியிருக்கும். இரவு 11 மணிக்குப் படுத்தால் உறக்கம் ஐந்தரை மணிநேரம். காலை 10 மணிக்கு அலுவலகம் செல்லும் கணவர் அடுப்படியை ஏற்றுக்கொண்டால் அதே ஒழுங்கில் மனைவிக்கு மேலும் ஒரு மணிநேரத்துக்குக் குறையாத உறக்கம் கிடைக்கும். அலுவலகம் எதையும் மாற்றாமல் வீட்டில் மாறக்கூடியது இது.

நடைமுறையில் இப்பங்கீடு எவ்வாறு உள்ளது என்பதை இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 2019இல், ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிட்டனர். 2024இல் இவை முறையே 289, 88 நிமிடங்கள். பெண்களின் பளு பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களின் பங்கு கூடியதால் அன்று. அதுவும் ஒன்பது நிமிடம் குறைந்துள்ளது. அலுவலகம் முடிந்து வீட்டில் தொடங்கும் இவ்வேலையை, அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு 1989இல் வெளியான தம் நூலில் இரண்டாவது முறைவேலை என்று அழைத்தார்.

ஆய்வு முடிவுகள்

1999இல் பால்ட்டசும் பிறரும் வெளியிட்ட தொகுப்பாய்வு, நெகிழ்வு நேரத்தால் உற்பத்தித்திறனும் பணி நிறைவும் உயர்கின்றன, வேலைக்கு வராதிருத்தல் குறைகிறது என்று கண்டது. அதே ஆய்வின் மற்ற முடிவுகள் அதிகம் பேசப்படுவதில்லை. பயன் காலப்போக்கில் தேய்கிறது. மிகவும் தளர்ந்த ஏற்பாடுகளைவிட ஓரளவு கட்டுப்பாடுள்ளவை கூடுதல் பயன் தருகின்றன. மேலாளர்களுக்கும் உயர்தொழில் புரிவோருக்கும் பயன் குறைவு. இவர்களுக்கு நேரத்தின் மீது ஏற்கெனவே ஓரளவு கட்டுப்பாடு இருப்பதே இதற்கு விளக்கமாகக் கூறப்படுகிறது.

ஜெர்மானியத் தரவுகளைக் கொண்டு இவோன் லோட், ஹீஜுங் சுங் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, நேரத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமை பெற்ற ஆண்கள் கூடுதல் நேரம் உழைத்துக் கூடுதல் வருவாய் பெற்றனர் என்றும், பெண்களுக்கு அதே அளவு வருவாய்ப் பயன் கிட்டவில்லை என்றும் கூறுகிறது. சுதந்திரம் கிடைத்தவர் குறைவாக உழைப்பார் என்ற மேலாளர்களின் அச்சத்துக்கு இது நேர்மாறானது.

தகவல் தொழில்நுட்பத் துறையில்

சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களின் மென்பொருள் நிறுவனங்களில் காலையில் தாமதமாக வரும் சலுகை பரவலாக உண்டு. அதன் மறுபக்கம் கடிகார வேறுபாடு. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது இந்தியாவில் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. கலிபோர்னியாவில் காலை 9 மணி எனில் இங்கே இரவு 9:30 அல்லது 10:30. அமெரிக்க வாடிக்கையாளருடன் உள்ள தொலைபேசிக் கூட்டமே உண்மையான மைய நேரமாகிவிடுகிறது. காலையில் நெகிழ்ந்தது இரவில் இறுகுகிறது. எழுத்தில் இல்லாத இம்மைய நேரத்தை எந்த நேரக் கணக்கும் பதிவு செய்வதில்லை.

2020 மார்ச்சில் கொரோனாப் பொதுமுடக்கத்தின்போது இத்துறை ஏறத்தாழ முழுமையாக வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, அழைப்பு மையங்கள் உள்ளிட்ட பிற சேவை வழங்குநருக்கான பதிவு விதிகளைத் தளர்த்தி வீட்டிலிருந்து வேலை செய்வதை எளிதாக்கியது. பயண நேரம் மிஞ்சியது உண்மை. அந்நேரம் உறக்கத்துக்கும் குடும்பத்துக்கும் போனதா, மீண்டும் வேலைக்கே போனதா என்பது ஒவ்வொரு வீட்டிலும் வேறுபட்டது.

சட்ட நிலை

பணியாளருக்குக் கேட்கும் உரிமையையும், நிறுவனத்துக்குக் காரணம் கூறி மறுக்கும் உரிமையையும் பல நாடுகள் அளித்துள்ளன. பிரித்தானியாவில் 2003 ஏப்ரலில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கும், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் பெற்றோருக்கும் இவ்வுரிமை கிடைத்தது; 2014 சூனில் 26 வாரம் பணியாற்றிய அனைவருக்கும், 2024 ஏப்ரலில் பணியின் முதல் நாளிலிருந்தே அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. பெற்றோருக்கான சலுகை என்ற நிலையிலிருந்து எல்லோருக்குமான உரிமையாக மாறியது முக்கியமானது. அதுவரை கேட்பவர் தாயாகவே இருப்பார் என்ற எதிர்பார்ப்பு நிலவியது.

ஓய்வைக் காப்பதற்குத் தனி விதிகள் தேவைப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு நெறியுரை 24 மணிநேரத்தில் தொடர்ச்சியான 11 மணிநேர ஓய்வை வலியுறுத்துகிறது. இதன்படி இரவு 11:30க்குக் கூட்டத்தை முடித்தவர் மறுநாள் 10:30க்கு முன் வேலையைத் தொடங்கக் கூடாது. பிரான்சில் 2017 சனவரியிலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலும், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை நடைமுறைக்கு வந்தது. 2019 மே 14 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஒவ்வொருவரின் அன்றாட வேலை நேரத்தையும் அளக்கும் முறையை நிறுவனங்கள் வைத்திருக்க உறுப்பு நாடுகள் வகை செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு காலத்தில் கண்காணிப்பாகப் பார்க்கப்பட்ட நேரப்பதிவு இங்கே பணியாளரின் சான்றாக மாறியுள்ளது.

இந்தியாவில் நெகிழ்வு நேரத்துக்கென்று பொதுவான சட்ட உரிமை இல்லை. 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம், பேறுகால விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியதுடன், விடுப்புக்குப் பின் பணியின் தன்மை அனுமதித்தால் இருதரப்பு ஒப்புதலுடன் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் கூறியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற உச்ச வரம்பை விதித்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதற்குப் பதிலாக அமைந்தன.

நெகிழ்வு என்ற சொல் எதிர்த்திசையிலும் பயன்படுகிறது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த முன்வரைவு, நாளுக்கு 12 மணிநேர வேலைக்கு வழி செய்தது. அது வேலை நேரத்தில் நெகிழ்வு என்றும், வாரத்துக்கு நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்றும் விளக்கப்பட்டது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்று நாள்களில் நிறுத்திவைக்கப்பட்டு, மே முதல் நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தெரிவு பணியாளருடையதா, நிறுவனத்தினுடையதா என்பதே அங்கும் வழக்காக இருந்தது.

நெகிழ்வு எட்டாதோர்

கடை ஊழியர், காவலாளி, பேருந்து ஓட்டுநர், செவிலியர், வீட்டுப் பணியாளர் ஆகியோரின் வேலை குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் இருப்பதையே கோருகிறது. காலை ஆறு மணிக்குப் பணிப்பெண் வந்துவிடுவதால்தான் பல வீடுகளில் மற்றவர்களின் நேரம் நெகிழ்கிறது என்பது நெகிழ்வு நேரம் பற்றிய எழுத்துகளில் அரிதாகவே இடம்பெறும். இவர்களைப் பொறுத்தவரை கோரிக்கைகள் இன்னும் அடிப்படையானவை. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை அளிக்க வேண்டும் என்ற சட்டத் திருத்தமே 2021இல்தான் நிறைவேறியது. கேரளத்தில் அது 2018இல் வந்திருந்தது. சென்னையில் 1918இல் தொடங்கப்பட்டு, இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களுள் ஒன்றாக விளங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் குறைகளுள் ஒன்று, ஆலையில் மதிய உணவுக்கு விடப்பட்ட இடைவேளை போதவில்லை என்பது.