அன்னாசிக்கு அன்னபேதி

நர்சரிகளில் இப்போதெல்லாம் புரோமிலியாட் என்று ஒரு தொட்டிச்செடி விற்கிறார்கள். வட்டமாக அடுக்கிய இலைகள், நடுவில் தண்ணீர் தேங்கும் குழி, அதிலிருந்து எழும் சிவப்புப் பூங்கொத்து. வாங்கி வைத்த நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "இதற்கு என்ன உரம் போடுவது?" ரோஜாவுக்குப் போடுவதுபோல் வேரடியில் ஒரு பிடி போட்டுவிட்டு, செடி கருகிவிட்டதே என்று வருத்தப்படுபவர்களும் உண்டு. இதற்கான பதிலை மனிதர்கள் கண்டுபிடித்ததே ஒரு கதை.

இது நமக்குத் தெரியாத குடும்பம் அல்ல. நாம் சாப்பிடும் அன்னாசியும் இதைச் சேர்ந்ததுதான். தென் அமெரிக்காவில் பிறந்த அந்தப் பழத்தைக் கொலம்பஸ் 1493இல் குவாதலூப் தீவில் பார்த்தார். பிறகு போர்த்துக்கீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய 'அனனாஸ்' நம் வாயில் அன்னாசி ஆனது.

அன்னாசி மண்ணில் வளர்கிறது. ஆனால் அதன் உறவுச்செடிகள் பல காட்டு மரக்கிளைகளில் உட்கார்ந்து வாழ்பவை. மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்குத்தான். அப்படியானால் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷிம்ப்பர் 1888இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். இலைகளில் உள்ள நுண்ணிய செதில்களே நீரை உறிஞ்சுகின்றன. கோஸ்டாரிகாவைச் சேர்ந்த பிக்காடோ 1913இல் இன்னும் ஒரு படி மேலே போனார். இலைக்குழியின் தண்ணீரில் விழுந்து மக்கும் சருகும் பூச்சியும்தான் செடிக்கு உணவு என்று காட்டினார்.

இலை வழியே ஊட்டம் கொடுப்பதன் பயன் ஹவாய் தீவுகளில் தெரிந்தது. அங்கே ஓஹூ தீவில் அன்னாசி பெரிய தொழிலாக வளர்ந்துவந்த காலம். சில நிலங்களில் மட்டும் செடிகள் மஞ்சளாகி, காய் சிறுத்து நலிந்தன. அந்த மண்ணில் இரும்புக்குக் குறைவில்லை. ஆனால் மாங்கனீசு மிகுந்திருந்ததால், அந்த இரும்பு வேருக்கு எட்டவில்லை. பந்தியில் உட்கார்ந்தும் பட்டினி என்ற நிலை. அரசு ஆய்வு நிலையத்தில் இருந்த மேக்ஸ்வெல் ஜான்சன், இரும்பு சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து இலைமீதே தெளித்துப் பார்த்தார். அதுதான் நம் நாட்டு மருந்துக்கடை அன்னபேதி. மஞ்சள் இலைகள் பச்சைக்குத் திரும்பின. 1916இல் அவர் இதை வெளியிட்டார். கைவிட வேண்டியிருந்த நிலங்களில் மீண்டும் அன்னாசி விளைந்தது.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுச் செடிக்கும் கணக்கு இதுதான். நீரில் கரையும் உரத்தை, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்குக்கு மேல் போகாமல் கரைத்து, வளரும் காலத்தில் மாதம் ஒருமுறை இலையிலும் மண்ணிலும் தெளித்தால் போதும். குழியில் உரக்கட்டியைப் போடாதீர்கள்; உப்புச் சேர்ந்து இலை கருகும். அவ்வப்போது குழித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முடிந்தால் மழைநீர் ஊற்றுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலை பச்சையாக நீண்டு, நிறம் போய்விடும். மயில்துத்தம் கலந்த மருந்து எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தாமிரம் இந்தக் குடும்பத்துக்கு நஞ்சு.

மரக்கிளையில் மழைநீரையும் சருகையும் வைத்தே பிழைத்த செடி இது. அதற்குக் கொஞ்சமே விருந்து.