மழைக் கணக்கும் பதினோராம் வகுப்பும்

பதினோராம் வகுப்புப் புள்ளியியலில் ஒட்டுறவு என்ற பாடம் ஒரு சூத்திரமாக வருகிறது. இரண்டு மாறிகள், இரண்டு சராசரிகள், விலக்கங்களின் பெருக்கல், கடைசியில் ஒரு வர்க்கமூலம். விடை -1-க்கும் +1-க்கும் இடையில் நிற்கும். கும்பகோணம் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான். நான் சூத்திரத்தில் தொடங்குவதில்லை, மழையில் தொடங்குகிறேன். இந்த நாட்டில் இந்தக் கணக்கை மலைமலையாகப் போட வைத்தது மழைதான்.

1876-ல் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியபோது இந்திய வானிலைத் துறைக்கு வயது ஒன்று. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இமயமலையில் பனி கூடுதலாக விழுந்தால் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்று 1884-ல் அவர் எழுதினார். 1886 முதல் ஆண்டுதோறும் மழை முன்னறிவிப்பு வெளியானது. பின்னர் பொறுப்பேற்ற ஜான் எலியட், 1899-ல் மழை நன்றாகவே பெய்யும் என்று அறிவித்தார். அந்த ஆண்டு மழை பொய்த்து, பெரும் பஞ்சம் வந்தது. பனிக்கும் மழைக்கும் உறவு உண்டு என்று சொல்ல அவர்களால் முடிந்தது. எவ்வளவு உறவு, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்லும் அளவுகோல்தான் அவர்கள் கையில் இல்லை.

அது இங்கிலாந்தில் உருவாகிக்கொண்டிருந்தது. ஃபிரான்சிஸ் கால்டன் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய 928 வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் கட்டம் போட்ட அட்டவணையில் நிரப்பி, 1886-ல் வெளியிட்டார். பெண்களின் உயரத்தை 1.08 ஆல் பெருக்கி ஆண்களின் அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட்டார். 1888-ல் உடலின் இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை ஒற்றை எண்ணால் சொல்ல வழி கண்டார். உயரத்துக்கும் முன்கை நீளத்துக்கும் அந்த எண் ஏறத்தாழ 0.8. நாம் கரும்பலகையில் எழுதும் சூத்திரத்தை 1896-ல் கார்ல் பியர்சன் கொடுத்தார். மனிதரைப் பிறப்பால் தரம் பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கையை இருவரும் முன்னின்று பரப்பினார்கள் என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன். ஒரு கருவி எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால்தான் அதை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் தெரியும்.

அந்தக் கருவியை மழைக்குக் கொண்டுவந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணித அறிஞரான அவர், 1904-ல் எலியட்டின் இடத்துக்கு வந்தார். உலகின் பல நிலையங்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் ஆண்டுக் கணக்கான பதிவுகளைத் திரட்டினார். ஒவ்வொரு ஆண்டின் எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து, இரண்டு விலக்கங்களைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டும் வேலையை அலுவலகத்தின் இந்திய எழுத்தர்கள் கையாலேயே செய்தார்கள். 1909-ல் இமயப் பனி, மொரீஷியஸின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், சான்சிபாரின் மழை என்ற நான்கையும் வைத்து, பருவமழையைக் கணிக்கும் சமன்பாட்டை அமைத்தார்.

1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த இதே வாக்கர்தான் கும்பகோணத்தில் வளர்ந்த துறைமுக எழுத்தர் ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, அவருக்கு உதவ வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டதும் வாக்கர் பாடப்புத்தகத்துக்கு வெளியிலிருந்து வந்த ஆளாகத் தெரிவதில்லை.

மறு ஆண்டு வாக்கர் எழுதிய ஒரு கட்டுரையை நான் பெரிதாக மதிக்கிறேன். பல காரணிகளை ஒவ்வொன்றாக மழையோடு பொருத்திப் பார்த்தால், அவற்றில் ஏதாவது ஒன்று தற்செயலாகவே பெரிய எண்ணைத் தந்துவிடும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று அதில் எச்சரித்தார். 1924-ல் ஓய்வு பெறும் நேரத்தில், பசிபிக் கடல்மேல் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல்மேல் இறங்குகிறது என்ற ஏற்ற இறக்கத்துக்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். அது ஏன் நடக்கிறது என்பது விளங்காமலேயே 1958-ல் காலமானார். கடலின் வெப்பத்தையும் காற்றின் ஓட்டத்தையும் இணைத்து 1969-ல் விளக்கம் தந்தவர் நார்வே அறிஞர் ஜேக்கப் பியர்க்னெஸ். எண் முதலில் வந்தது, காரணம் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்தது.

இந்த வரலாற்றை வகுப்பில் இரண்டு வரைபடத் தாள்களாக்குகிறேன். இரண்டிலும் கிடை அச்சில் பசிபிக் நடுக்கடலின் வெப்பம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பது. செங்குத்து அச்சில், ஒரு தாளில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை, மற்றதில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை. ஒவ்வொரு மாணவருக்கும் சில ஆண்டுகள். புள்ளி வைத்து, பக்கத்தில் ஆண்டை எழுத வேண்டும். எல்லாரும் வைத்து முடித்ததும் இருவர் ஒரு தையல் நூலைப் புள்ளிகளின் நடுவே இழுத்துப் பிடிப்பார்கள். முதல் தாளில் நூல் வலப்பக்கம் சரியும்: கடல் சூடானால் தென்மேற்குப் பருவமழை குறையும். இரண்டாம் தாளில் நூல் ஏறும்: அதே சூடு நமக்கு ஐப்பசி மழையைக் கூட்டும். மேட்டூருக்குத் தண்ணீர் வருவது ஒரு மழையால், சம்பா நிமிர்வது இன்னொரு மழையால் என்று வயல் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போது கேள்வி வரும்: "டீச்சர், 1997 மட்டும் ஏன் தனியா நிக்குது?" பசிபிக் நடுக்கடல் சூடாகும் எல் நினோ மிக வலுவாக இருந்த ஆண்டு அது, ஆனால் நாட்டின் மழை சராசரியைவிடச் சற்றுக் கூடுதல். 2002-ல் எல் நினோ அவ்வளவு வலுவில்லை, மழையோ 19 சதவீதம் குறைந்தது. இரண்டாம் தாளில் 2015 நூலுக்கு ஒத்துழைக்கும், எல் நினோவோடு சென்னையில் வெள்ளம். 2021 அடங்காது, அந்தக் கடல் குளிரும் லா நினா ஆண்டிலும் தமிழ்நாட்டில் மழை கொட்டித் தீர்த்தது. பசிபிக் கடல் மட்டுமே மழையைத் தீர்மானிப்பதில்லை என்பது அந்தத் தனிப் புள்ளிகளால் புரிகிறது. அதன் பிறகு சூத்திரத்தை எழுதினால், அது எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

பாடத்திட்டம் முடிய வேண்டும், தேர்வில் கணக்குக்குத்தான் மதிப்பெண் என்ற நெருக்கடி எனக்கும் உண்டு. ஆனாலும் சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் இரண்டு பீரியடையும் புள்ளிகளுக்குக் கொடுங்கள். மூன்றாவதில் சூத்திரம் வரட்டும். ஒட்டுறவுக் கெழுவைக் கண்டுபிடித்த பிறகு மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இது தற்செயலா? காரணம் என்ன? நாளைக்கும் இப்படியே இருக்குமா? வாக்கர் வாழ்நாளெல்லாம் கேட்டது இவற்றைத்தான். இவற்றைக் கேட்கப் பழகிய பிள்ளையை எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டியும் எளிதில் ஏமாற்ற முடியாது.