ஹவானாவில் விலகிய மந்திரி

1892 பிப்ரவரி 28. ஸ்பெயினின் ஆளுகையில் இருந்த கியூபாவின் ஹவானா நகரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் 23-வது ஆட்டம். யார் முதலில் 10 வெற்றி பெறுகிறாரோ அவருக்கே பட்டம். நடப்பு சாம்பியன் ஸ்டைனிட்ஸ் ஒன்பது ஆட்டங்களில் வென்றிருந்தார். ரஷ்யாவின் மிகைல் சிகோரின் எட்டில். ஐந்து டிரா.

இது பழைய பகை. 1889-இல் இதே ஹவானாவில் ஸ்டைனிட்ஸிடம் தோற்ற சிகோரின், அடுத்து தந்தி வழியாக நடந்த இரண்டு ஆட்டங்களிலும் அவரை வீழ்த்தினார். பிராகாவில் பிறந்த ஸ்டைனிட்ஸுக்கு ஆட்டம் என்பது கணக்கு. எங்கே பலவீனம் என்று பார்த்து, சிறு சிறு ஆதாயங்களைச் சேர்த்துக்கொண்டே போவார். சிகோரினோ சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ராஜாவைத் துரத்துகிறவர்.

அன்று வெள்ளைக் காய் சிகோரினுக்கு. கிங்ஸ் கேம்பிட் என்ற தொடக்கத்தை ஆடினார். ஸ்டைனிட்ஸைவிட ஒரு காய் கூடுதலாகப் பிடித்து, வெற்றியை ஏறக்குறைய உறுதி செய்துவிட்டார். ஆபத்து ஒன்றே ஒன்று: எதிரியின் இரண்டு யானைகளும் இரண்டாம் வரிசையில் அக்கம்பக்கமாக வந்து நின்றன. சிகோரினின் ராஜா மூலையில். அதன் முன்னால் ஒரு சிப்பாய். டி6 கட்டத்தில் இருந்த மந்திரிதான் தொலைவிலிருந்து அந்தச் சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது.

32-வது நகர்த்தலில் சிகோரின் அந்த மந்திரியையே எடுத்து பி4-இல் வைத்தார்!

ஸ்டைனிட்ஸின் யானை சிப்பாயை வெட்டி செக் சொன்னது. பின்னால் இன்னொரு யானை துணைக்கு நிற்பதால் ராஜா திருப்பி வெட்ட முடியாது. பக்கத்துக் கட்டத்துக்கு விலகினால் அடுத்த நகர்த்தலிலேயே மேட். பயிற்சி வகுப்பில் பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும் கணக்கு இது. சிகோரின் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்தது நம்மவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தின் 55-வது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுவர, சென்னையின் குகேஷ் 18 வயதில் சாம்பியன் ஆனார். ஆனால் டிங் கோட்டைவிட்டது டிராவை. சிகோரின் கோட்டைவிட்டது கைக்கு வந்த வெற்றியை.

அந்த ஒரு தவறு இல்லாவிட்டால் சிகோரின்தான் சாம்பியன் என்பது கொஞ்சம் மிகை. வென்றிருந்தால் 9–9 என்று சமன் ஆகியிருக்கும், அவ்வளவே. 55 வயது ஸ்டைனிட்ஸ் அதன் பிறகும் விட்டுக்கொடுத்திருப்பார் என்று சொல்ல முடியாது.

இரண்டே ஆண்டுகளில், 1894-இல், ஸ்டைனிட்ஸ் இளைஞர் இமானுவேல் லாஸ்கரிடம் பட்டத்தை இழந்தார். சிகோரினுக்கு உலகப் பட்டத்துக்காக ஆடும் வாய்ப்பு மறுபடி வரவில்லை; 1908-இல் காலமானார்.