பனியில் ஒரு சிவப்பு வாசல்

டோக்கியோவில் ஷிபா என்னும் பகுதியில் ஜோஜோஜி என்று ஒரு பௌத்த ஆலயம் இருக்கிறது. அதன் பெரிய வாசல் 1622-ல் கட்டியது. இரண்டு அடுக்கு, உடம்பெல்லாம் சிவப்பு. 1925-ல் கவாஸே ஹசூயி என்ற ஓவியர் அதை மரக்கட்டை அச்சுச் சித்திரமாக்கினார். பனி கொட்டுகிறது. காற்றுக்கு எதிரே குடையைச் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் நடக்கிறாள். முகம் தெரியவில்லை.

அதைப் புத்தகம் ஒன்றில் முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதுவா 1925-ஆம் வருஷத்து டோக்கியோ?

1923 செப்டம்பர் 1-ந் தேதி பூகம்பமும் நெருப்புமாகச் சேர்ந்து அந்த நகரத்தை அழித்திருந்தன. டோக்கியோவிலும் சுற்றுப்புறங்களிலும் லட்சம் பேர் வரை மாண்டார்கள். ஹசூயியின் வீடு போயிற்று. ஊர் ஊராய் அலைந்து வரைந்து வைத்திருந்த நோட்டுகளும் போயின. பிரசுரகர்த்தர் வாட்டனாபேயின் கடையில் செதுக்கி வைத்திருந்த கட்டைகள் சாம்பலாயின. இந்தக் கலை ஒரு ஆள் வேலை அல்ல. ஓவியர் வரைவார், ஒருவர் மரத்தில் செதுக்குவார், இன்னொருவர் வர்ணத்துக்கு வர்ணம் கட்டையை மாற்றிக் கையால் தேய்த்து அச்சிடுவார், முதல் போடுகிறவர் பிரசுரகர்த்தர். ஓவியருக்குக் கை மிஞ்சினால் மட்டும் போதுமா?

ஆனால் சித்திரத்தில் இடிபாட்டின் சாயலே இல்லை. இவற்றை விரும்பி வாங்கியவர்களில் பலர் அமெரிக்கர்கள். 1930-ல் டொலிடோ நகரத்து மியூஸியத்தில் காட்சிக்குக்கூட வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பே கியோசிகா என்பவர் வாயு விளக்கையும் ரயில் வண்டியையும் கூசாமல் வரைந்திருக்க, இவர் மட்டும் பழைய ஜப்பானைப் பொட்டலம் கட்டி விற்றார் என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

மறுபடி அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் வாசலை நிமிர்ந்தே பார்க்கவில்லை. வீடு போய்ச் சேர வேண்டும் அவளுக்கு. எரிந்துபோன ஊரில் எரியாமல் நின்ற ஒன்று, அதைக் கடந்து போகும் ஒரு ஜீவன். 1925-ல் அது செய்திதான், பொய் அல்ல.

1945-ல் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. பிரதான மண்டபம் எரிந்தது; தோகுகாவா ஷோகன்களின் சமாதிக் கட்டடங்களும் எரிந்தன. வாசல் மறுபடியும் தப்பியது.

ஹசூயி 1957 நவம்பரில் காலமானார். அந்த வருஷந்தான் ஆலயத்துக்குப் பின்னால் டோக்கியோ கோபுரத்தின் வேலை ஆரம்பமாயிற்று. 1958 டிசம்பரில் 333 மீட்டர் உயர இரும்பாக அது எழுந்து நின்றது. அதை வரைவதா, விட்டுவிடுவதா என்ற சங்கடம் அவருக்கு வராமலே போயிற்று.