பாளையக்காரரும் பாலிகாரும்

சில வருஷங்களுக்கு முன் ஒரு பழைய ஆங்கிலக் கதை படித்துக்கொண்டிருந்தேன். 'பாலிகார்' என்று ஒரு சொல் வந்தது. ஏதோ லத்தீன் சொல்லாக்கும் என்று எண்ணி, யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியைப் புரட்டினேன். சிரிப்பு வந்துவிட்டது. நம்முடைய பாளையக்காரர்தான் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார்!

பொருளைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. காட்டுப் பாங்கான சீமைகளை ஆண்ட சிற்றரசர்கள். முன்னாளில் பெரும்பாலும் கொள்ளையடிக்கும் சுபாவம் உடையவர்கள் என்ற தோரணையில் எழுதியிருந்தது. போதாக்குறைக்குத் தென்னாட்டு வேட்டை நாய்க்கும் வெள்ளைக்காரர்கள் அதே பெயரைச் சூட்டியிருந்தார்கள்.

மதுரைக்காரனுக்கு இது உறைக்காமல் இருக்குமா? பாளையம் என்றால் படை தங்கும் இடம். 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தார்கள் என்றும், மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களை ஆளுக்கொன்றாகக் காக்கவிட்டார்கள் என்றும் சொல்வது மரபு. வரும்படியில் மூன்றில் ஒரு பங்கு ராஜாவுக்கு; ஒரு பங்கு படைக்கு; மிச்சம் தமக்கு. கிராமங்களுக்குக் காவல் இருந்து கூலியும் வாங்கினார்கள். களவு போனால் பொருளை மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும். களவுக்கு ஈடு கட்டவேண்டியவனுக்கா கொள்ளைக்காரப் பட்டம்?

எல்லோரும் யோக்கியர்கள் என்று சாதிக்க நான் வரவில்லை. காவல் கூலி என்ற பெயரால் குடிகளைப் பிழிந்தவர்களும் உண்டு. ஆனால் கம்பெனியார் பார்த்த கணக்கு வேறு. 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கினார்கள். கப்பம் கட்டிப் பணிந்தவர்களில் பலர் அடுத்த சில வருஷங்களில் ஜமீன்தார் ஆனார்கள். நேற்றுவரை இருவருக்கும் ஒரே பெயர். இன்றோ பணிந்தவர் ஜமீன்தார், எதிர்த்தவர் பாலிகார்! அகராதிக்குப் போய்ச் சேர்ந்தது இந்தப் பிந்திய பொருள்தான்.

பெரியார் பஸ் நிலையத்தின் அருகே அந்தக் கோட்டையின் கொத்தளம் ஒன்று இன்னும் நிற்கிறது. பாளையங்களாயிருந்த அம்மையநாயக்கனூருக்கும் போடிநாயக்கனூருக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அப்படியிருந்தும், அந்த மனிதரை அந்நியரின் அகராதியில் தேடித்தான் அடையாளம் கண்டுகொண்டேன். அகராதிக்காரர்மேல் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?