பதினோராம் எண் கூண்டு

கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கொச்சிக்கோ ராமேசுவரத்துக்கோ பிரயாணம் போகவேண்டிய கோயமுத்தூர்க்காரர்களுக்கும் புயல் கூண்டு தெரியாத சங்கதியல்ல. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால், "நாகப்பட்டினத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது" என்று செய்தியில் கேட்கிறோம். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. 1, 2 என்றால் புயல் எங்கோ தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே கெட்ட காலம் வரக்கூடும். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பேரபாயம். பத்தோடு கணக்குத் தீர்ந்துவிட வேண்டும் அல்லவா? தீரவில்லை. 11 என்று ஓர் எண் இருக்கிறது.

இந்தப் பதினொன்று எந்தப் புயலின் வேகத்தையும் குறிப்பதல்ல. வானிலை நிலையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. நிலைமை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார். இவ்வளவுதான் அதன் அர்த்தம். பேரபாயத்துக்கும் அடுத்த படியில் மௌனத்தை வைத்திருக்கிறார்கள்! கடலை நன்றாக அறிந்தவர்கள்தான் இப்படி ஒரு வரிசையை வகுத்திருக்க முடியும்.

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீதியில் பம்பு மோட்டார்த் தொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளை ஒருவன் இருக்கிறான். சென்னையில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டவன், சொந்தமாக ஒன்று வாங்குவதென்று தீர்மானித்துவிட்டான். ஒருநாள் நீளமான பட்டியல் ஒன்றோடு என்னிடம் வந்தான்.

"ஏனுங்க, நீங்க கடல் சமாசாரமெல்லாம் நெறையப் படிச்சிருக்கீங்க. இதுல எதை வாங்கோணும், எதை விடோணும்னு சொல்லுங்க" என்றான்.

சாட்டிலைட் தொலைபேசி, வி.எச்.எஃப். வானொலி, சிற்றலை வானொலி, வானிலைப் படத்தைக் கோடு கோடாக வரைந்து கொடுக்கும் யந்திரம், ஆபத்தில் தானே கூவும் மிதவை என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. விலையைக் கூட்டினால் படகின் விலையையே எட்டிப் பிடித்துவிடும் போலிருந்தது. நான் கதை எழுதுகிறவன்; யந்திரத்துக்கு விலை சொல்லத் தெரியாது. ஆனால் இந்தச் சாமான்களோடும் இவை இல்லாமலும் கடலுக்குப் போனவர்களின் சரித்திரம் கொஞ்சம் தெரியும். அதைச் சொன்னேன்.

கம்பியில்லாத் தந்தி வருவதற்கு முன்னால் மாலுமியிடம் இருந்த முக்கியமான வானிலைக் கருவி பாரமானி. வெப்பமண்டலக் கடலில் காற்றின் அழுத்தம் தினந்தோறும் ஏறி இறங்கும். காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம். விடியற்காலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தாழ்வு. இந்த ஒழுங்கு கெட்டு, அந்த வேளைக்குரிய அளவைவிட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். 5 மில்லிபார் குறைந்தால் அருகில் புயல் இருக்கிறதென்றே கொள்ள வேண்டும் என்பது மாலுமிகளின் பாடம். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் 1848-ல் மாலுமிகளுக்காக ஒரு புயல் நூல் வெளியிட்டார். சுருண்டு கிடக்கும் பாம்பை நினைத்து, 'சைக்ளோன்' என்ற சொல்லை உலகத்துக்கு வழங்கியவர் அவர். 1864-ல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. 1875-ல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. பிறகு கம்பியில்லாத் தந்தி, அதன் பிறகு வானொலி. கரையில் ஏற்றிய கூண்டு கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரைதான் பேசும். வானொலியோ அடிவானத்தைத் தாண்டிப் பேசியது. அத்தோடு மாலுமியின் தனிமை ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒழிந்ததா என்பதை 1968-ல் நடந்த ஒரு பந்தயம் காட்டியது. லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை அறிவித்த பந்தயம் அது. தன்னந்தனியாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வரவேண்டும். புறப்பட்டவர்கள் ஒன்பது பேர். அவர்களில் மூவரை நம் பட்டியலுக்குச் சாட்சிகளாக அழைக்கலாம்.

முதலாமவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 'சுஹைலி' 32 அடிப் படகு; பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. பாதி வழி போவதற்குள்ளேயே செய்தி அனுப்பும் வானொலி பழுதாகிவிட்டது. ஆனால் கேட்கும் வானொலி வேலை செய்தது. நியூசிலாந்துக்கு அருகே வானிலை அறிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தன்னைச் சந்திக்கக் காத்திருக்கும் நண்பரின் செய்தியையும் அதிலேயே கேட்டார். 1968 நவம்பரில் அங்கிருந்து கிளம்பியவரைப் பற்றி அடுத்த ஏப்ரல்வரை உலகுக்கு ஒரு தகவலும் இல்லை. போய்விட்டார் என்றே பலர் எண்ணினார்கள். 1969 ஏப்ரல் 22-ஆம் தேதி, 312 நாள் பிரயாணத்துக்குப் பிறகு, ஃபால்மத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். பந்தயத்தை முடித்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாமவர் பெர்னார் முவாதெசியே என்ற பிரெஞ்சுக்காரர். செய்தி அனுப்பும் வானொலியைக் கொடுக்க முன்வந்தபோதே வேண்டாம் என்று மறுத்துவிட்டார். வழியில் கப்பல் எதிர்ப்பட்டால், கடிதத்தை ஃபிலிம் டப்பியில் போட்டுக் கவண் வைத்து மேல்தளத்துக்கு அடிப்பார். சோளக்கொல்லையில் குருவி விரட்டுகிற கவண் மாதிரிதான்! பரிசை உதறிவிட்டுப் பசிபிக் தீவுகளுக்குப் போகிறேன் என்ற செய்தியையும் கவணாலேயே அனுப்பினார். மௌனம் அவருக்கு ஆபத்தல்ல. அவர் தேடிப்போனதே அதைத்தான்.

மூன்றாமவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். 1932-ல் நம் காசியாபாத்தில் பிறந்தவர். வானொலியால் திசை அறியும் கருவி செய்து விற்றவர். மூவரில் யந்திர ஞானம் மிகுந்தவர் இவர்தான். படகு ஒழுகியது, தெற்குக் கடலுக்குப் போனால் மரணம், திரும்பினால் கடனும் அவமானமும். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக வானொலியில் பொய்யான இடங்களைச் சொன்னார். தாம் போகாத கடல்களின் வானிலை அறிக்கைகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார், பொய்க் கணக்குக்கு உதவும் என்று. பிறகு இருப்பிடம் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி மாதக்கணக்கில் வாய்மூடியிருந்தார். 1969 ஜூலை 10-ஆம் தேதி ஆளில்லாத அவர் படகை ஒரு கப்பல் கண்டெடுத்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தம் பரிசுப் பணம் 5,000 பவுனை அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

யந்திரம் குரலைத்தான் கொண்டுபோகும்; குரலில் இருக்கிற உண்மைக்கு மனிதன்தான் ஜவாப்தாரி. அனுப்பும் கருவி கெட்டவர் பிழைத்தார். நல்ல கருவி வைத்திருந்தவர் அழிந்தார்.

"அப்படீன்னா அனுப்பற கருவியே வேண்டாமுங்களா?" என்று கேட்டான் பிள்ளையாண்டான்.

அதற்கு நாலாவது சாட்சி வேண்டும். பழைய பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக 2018-ல் மறுபடியும் ஒன்று நடந்தது. 1968-ல் இருந்தவை போன்ற கருவிகளை வைத்தே வழி அறிய வேண்டும். நவீன சாதனங்கள் ஆபத்துக்கு மட்டும். நம் கடற்படையைச் சேர்ந்த கமாண்டர் அபிலாஷ் டோமி கோவாவில் கட்டிய படகில் போனார். சுஹைலியின் அச்சிலேயே கட்டிய அதற்கு 'துரியா' என்று பெயர். நனவு, கனவு, சுழுத்திக்கு அப்பாற்பட்ட நாலாவது நிலை அல்லவா துரியம்?

செப்டம்பர் 21-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சுமார் 1,900 கடல் மைல் மேற்கே, புயலில் படகு உருண்டது. பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பும் முறிந்தது. படுக்கையிலிருந்து அசைய முடியவில்லை. ஒரு சாட்டிலைட் தொலைபேசி கெட்டுவிட்டது. இன்னொன்று அவசரப் பையில் பத்திரமாக இருந்தது. பை கைக்கு எட்டவில்லை! கைக்கு எட்டியது, சிறு வாசகங்களைத் தட்டி அனுப்பும் சின்னஞ்சிறு கருவி ஒன்றுதான். எழுந்து நடக்க முடியாது, தூக்குப் படுக்கை தேவைப்படலாம் என்று அதில்தான் தட்டினார். இந்தியக் கடற்படை விமானம் படகைக் கண்டது. 24-ஆம் தேதி 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் ஆட்கள் அவரைத் தூக்கினார்கள். 2022-ல் தொடங்கிய அடுத்த பந்தயத்தில் அதே மனிதர் மீண்டும் கலந்துகொண்டு, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

ஆகவே பட்டியலை இப்படி வரிசைப்படுத்தினோம். முதலில் பாரமானி; அதற்கு மின்சாரம் வேண்டாம், பொய்யும் சொல்லாது. இரண்டாவது, தூரத்து வானிலை அறிக்கையைக் கேட்க நல்ல சிற்றலை வானொலி. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் வீச்சைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவது, பக்கத்துக் கப்பலோடும் துறைமுகத்தோடும் பேச வி.எச்.எஃப். நாலாவது, பதிவு செய்த அபாய மிதவை. அதன் கூவலைச் செயற்கைக்கோள் பிடித்துக் கரைக்குச் சொல்லும். ஐந்தாவது, வாசகம் அனுப்பும் சாட்டிலைட் கருவி. நம் நாட்டில் சாட்டிலைட் தொலைபேசிக்குச் சர்க்கார் அனுமதி கட்டாயம் என்பதால், அதை விசாரித்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் வாங்கிய பிறகு, படகின் படுக்கையில் ஒருநாள் மல்லாந்து படுத்துக் கையை நீட்டிப் பார்க்கச் சொன்னேன். எது எட்டுகிறதோ அதுதான் அவனுடைய சொத்து; எட்டாததெல்லாம் பாரம்.

இப்படிப் பட்டியல் போடும் சௌகரியமே இல்லாதவர்களும் கடலில் இருக்கிறார்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கிப் புயல் உருவானது. முந்தின நாள்வரை வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரே நாளில் புயலாயிற்று. தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்காகும். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையின் வானொலி எட்டாத தொலைவில் இருந்தார்கள். குமரியிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஆண்கள் திரும்பவில்லை. அவர்களுக்குத் துணிச்சல் குறைவில்லை, கடலறிவும் குறைவில்லை. சேதி மட்டும் எட்டவில்லை.

2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி மீனவரின் கைப்பேசிக்குக் கொடுக்கும். கேட்கும், பேசாது. பிறகு தமிழ்நாட்டு இயந்திரப் படகுகளில் இருவழியும் பேசும் கருவிகளைப் பொருத்தும் திட்டமும் வந்தது. நல்ல காரியம்தான். ஒக்கிக்கு முந்தின தினம் வந்திருக்க வேண்டிய நல்ல காரியம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் நம் ஊர் ஜன்னல்களை அடித்துச் சாத்துகிற காற்று, அந்தக் கடலிலிருந்து வருவதுதான். நமக்கு அது சுகமான காற்று. அதே காற்றுக்கு நடுவே மீன்பிடிப் படகில் இருப்பவருக்கு 11-ஆம் எண் கூண்டை ஏற்றிக்காட்ட அங்கே கம்பமும் இல்லை, அதிகாரியும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்பதைக்கூட அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.