பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வா: இந்திய யூதரிடையே

யூதப் பிள்ளைகள் தம் சமயக் கட்டளைகளுக்குத் தாமே பொறுப்பேற்கும் பருவத்தை எட்டுவதும் அதையொட்டிய விழாவும். ஆண்பிள்ளைக்கு 13 வயதில் பார் மிட்ஸ்வா. பெண்பிள்ளைக்கு 12 வயதில் (சில பிரிவுகளில் 13) பாட் மிட்ஸ்வா. பெண்பிள்ளைகளுக்கான பொதுவிழா அமெரிக்காவில் முதன்முதலாக 1922இல் நியூயார்க்கில் ஜூடித் கப்லானுக்கு நடந்தது, பின்னர் பரவியது.

பயிற்சி: விழாவில் பிள்ளை தோரா எனும் யூத மறைநூலின் ஒரு பகுதியை ஓதும். தோராச் சுருளில் உயிர்க்குறிகளோ இசைக்குறிகளோ இரா. எனவே தன் பகுதியைப் பல மாதங்கள் ஓதிப் பழக வேண்டும். ஓதும்போது சுருளைக் கையால் தொடாமல், யாட் எனும் சுட்டுக்கோலால் வரியைத் தொடர்வர். பலர் அப்பகுதி குறித்துச் சிற்றுரையும் ஆற்றுவர். மனப்பாடத்தைவிட இவ்வுரையே முக்கியம். தான் யார் என்ற கேள்வியைப் பிள்ளை சொந்தமாகச் சிந்திப்பது அங்குதான்.

இந்தியாவில்: மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் எனும் யூதப் பிரிவின் பிள்ளைகள் எபிரேய வழிபாட்டோடு கொங்கண மரபையும் கற்கின்றனர். எலியா தீர்க்கதரிசியை நினைந்து, இனிப்பிட்ட அவலும் தேங்காய்த் துருவலும் பழங்களும் படைக்கும் மலிதா சடங்கு இவர்களுக்கே உரியது. மும்பையின் சார் ஹாரஹமீம் தொழுகைக்கூடம் 1796இலும், கொச்சியின் பரதேசித் தொழுகைக்கூடம் 1568இலும் எழுந்தவை. 1948க்குப் பின் இந்திய யூதரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். சமவயதுத் தோழர் அருகிய நிலையில், பிள்ளைக்குத் துணை நிற்பது குடும்பத்தாரின், மூத்தோரின் பொறுப்பு. பாட்டி தாத்தாவிடம் ஊர்ப்பெயர், சமையல், பாடல்களைக் கேட்டறிவதும் சிறந்த பயிற்சியே.